ஆரஞ்சு சைக்கிளும் அல்வால் எக்ஸ்பிரஸும்

ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளன்று காலையில் ஜம்புநாதன் ஒரு சபதம் எடுத்தார். இனிமேல் உடம்பைக் கவனிப்பது என்று. எடுத்த கையோடு கடைக்குப் போய், உடம்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கவனித்துவிட்டு வந்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கியர் சைக்கிள். ஓட்டை ஓட்டையாக ஒரு ஹெல்மெட். கறுப்புக் கண்ணாடி. அப்புறம், பின்பக்கம் மெத்தை வைத்துத் தைத்த ஒரு கால்சட்டை.

அவர் மனைவி கிரிஜா அந்தக் கால்சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இது என்ன, தலையணைய உள்ள வெச்சுத் தெச்சிருக்கு?"

"சீட்டு உறுத்தாம இருக்கறதுக்கு. சைக்கிள்காரங்க எல்லாம் இதத்தான் போடுவாங்க."

"ஆபீசுக்கும் போட்டுட்டுப் போங்க. அங்கதானே நாளெல்லாம் உக்காந்திருக்கீங்க."

பாதுகாப்புத் துறையில் ஸ்டோர்ஸ் பார்க்கிற ஒரு மனிதரிடம் பேசுகிற பேச்சா இது? ஜம்புநாதன் சைக்கிளை ஏழு கோணத்தில் படம் எடுத்து, அவர்கள் பேட்டையின் 'அல்வால் பெடல் ஃப்ரெண்ட்ஸ்' வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார்.

அந்தக் குழுவில் நாற்பது பேர். தெலுங்கு, உருது, இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வரியில் போட்டுக் கலக்குகிற கூட்டம். "ஜம்பு காரு வந்துட்டார், எல்லாரும் ரோட்டோரமா ஒதுங்குங்க" என்று தெலுங்கு மரியாதையோடு 'காரு' போட்டு எழுதினான் அட்மின் ராகவேந்திரா. பல் டாக்டர் பிந்து, "சார், சைக்கிள் சூப்பர். ரோட்டுல இறக்குவீங்கதானே? இல்ல ஷோகேஸ்ல வெச்சுடுவீங்களா?" என்று கேட்டாள். ஐந்தே நிமிடத்தில் பதினெட்டுக் கட்டைவிரல்கள் எழும்பி நின்றன. ஜம்புநாதன் சொன்னதற்கு யாரும் கட்டைவிரல் தூக்கியதே இல்லை. வீட்டில் ஆட்காட்டி விரல்தான் அவருக்குப் பழக்கம். மனிதர் உருகிப்போனார்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சைக்கிள் எடுக்கும்போது போனில் ஒரு ஆப்பைப் போட்டுவிட வேண்டும். போன வழியை அது கோடாக வரையும், கிலோமீட்டரை எண்ணும். மாதம் முழுக்க யார் அதிகம் ஓட்டினார்களோ, அவர்தான் கடைசி ஞாயிற்றுக்கிழமை உப்பல் வரை போய்வருகிற சவாரிக்குக் கேப்டன். முன்னால் அவர், பின்னால் மற்ற எல்லோரும். இருபத்தெட்டு வருஷ வேலையில் ஜம்புநாதன் பின்னால் யாரும் போனதில்லை. அந்தக் கேப்டன் பட்டத்தை வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தார்.

மறுநாள் விடியற்காலை கிளம்பினார். இரண்டாவது திருப்பத்தில் ஒரு நாய் அவரைப் பார்த்தது. துரத்தக்கூட இல்லை, சும்மா பார்த்தது. அந்தப் பதற்றத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினார். ஆப் ஒன்று புள்ளி இரண்டு கிலோமீட்டர் காட்டியது.

"ஜம்பு காரு, இது ரைடா, இல்ல கேட்டைத் தொறந்துவிடப் போனீங்களா?" என்றான் ராகவேந்திரா. இந்த முறையும் கட்டைவிரல்கள் எழும்பின. அதே பதினெட்டு.

மூன்று நாள் தைலம் போட்டுக்கொண்டு குப்புறக் கிடந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கிரிஜா லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பாவுக்கு டிபன் கேரியரைத் தினமும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தவள்.

"கிரிஜா, நீ ஏன் காலையில கொஞ்சம் சைக்கிள் ஓட்டக் கூடாது? சுகருக்கு நல்லது."

"சுகர் உங்களுக்குத்தானே?"

"உனக்கு வராம இருக்கணுமில்ல? காய்கறி வாங்கத்தான் போறே. சைக்கிள்ல போயேன். என் போனையும் எடுத்துக்க."

"எங்கிட்டதான் போன் இருக்கே, கைக்கு? எதுக்கு இன்னொண்ணு?"

"ரெண்டு இருந்தா ரெண்டு மடங்கு பாதுகாப்பு."

கிரிஜா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஹவ், போறேன்" என்று லாலாகுடா உருதுவில் ஆமாம் போட்டாள்.

முதல் நாள் ஆறு கிலோமீட்டர். மறுநாள் ஒன்பது. போன் திரும்பி வந்ததும் ஜம்புநாதன் படுக்கையில் இருந்தபடியே குழுவில் போட்டார்: "இன்று நல்ல எதிர்க்காற்று. இருந்தாலும் விடவில்லை."

ராகவேந்திரா கோட்டை உற்றுப் பார்த்திருப்பான் போல. "காரு, மார்க்கெட்டுல இருபது நிமிஷம் நின்னிருக்கீங்களே?"

"மூச்சுப் பயிற்சி."

"பெருமாள் கோயில்ல கால் மணி நேரம்?"

"அதுவும் மூச்சுப் பயிற்சிதான்."

"அங்க மூச்சை வலது பக்கமா மூணு சுத்து சுத்திட்டு விட்டிருக்கீங்க" என்றாள் பிந்து. குழுவே சிரித்தது. ஆனாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தான். அவருக்கு 'அல்வால் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் வந்தபிறகு ஆறும் ஒன்பதும் போதவில்லை.

"நாளைக்கு அப்படியே பொல்லாரம் வரைக்கும் போய்ட்டு வாயேன்" என்றார்.

"பொல்லாரம் போனா டிபன் யார் செய்யறது?"

"உப்புமா நான் கிண்டறேன்."

"பாத்திரம்?"

"...கழுவறேன்."

"மறுநாள் ஷாமிர்பேட் போகலாம்னு பாக்கறேன். துணி ஊறவெச்சிருக்கேன்."

ஷாமிர்பேட் போய்வர முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஜம்புநாதன் மனக்கணக்குப் போட்டார். துணி தோய்த்தார்.

மாதக் கடைசிக்குள் அவருக்கு இட்லி மாவுப் பதம் கைவந்துவிட்டது. வெந்தயம் எவ்வளவு என்று யாரையும் கேட்பதில்லை. இருந்தாலும் உள்ளுக்குள் ஒரே குஷி. ஒன்றும் தெரியாமல் இவள் மிதிக்கிறாள், பெயர் நமக்கு. இப்படியொரு மூளை ஸ்டோர்ஸில் வீணாகிறதே என்று தன்மேல் தானே இரக்கப்பட்டார். குழுவில் அறிவிப்பு வந்தது: இந்த மாதம் முதலிடம், ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஜம்பு காரு. கேப்டன்!

கேப்டன் என்றால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து ஓட்ட வேண்டும். அதற்கும் வழி வைத்திருந்தார். விடிந்ததும் வலது முழங்காலில் பெரிய கட்டு ஒன்று சுற்றிக்கொண்டார். முகத்தில் வலியை வரவழைத்துக் கண்ணாடி முன்னால் இரண்டு முறை ஒத்திகையும் பார்த்தார். வெளியே மணிச் சத்தம் கேட்டதும் நொண்டிக்கொண்டே கேட்டுக்கு வந்தார். இருபது சைக்கிள்கள் நின்றன. பட்டத்தைக் கையில் கொடுத்தாலே போதும், வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம்.

"ராகவேந்திரா, மன்னிக்கணும், நேத்து முழங்கால்ல..."

கட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"கிரிஜாக்கா ரெடியா?" என்றான் ராகவேந்திரா.

ஜம்புநாதன் திரும்பிப் பார்த்தார். கிரிஜா ஆரஞ்சு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலையில் அவர் ஹெல்மெட். கண்ணில் அவர் கண்ணாடி. குர்தாவுக்குக் கீழே அந்தத் தலையணைக் கால்சட்டை.

"இவளை... உங்களுக்கு எப்படி..."

"ரெண்டாவது நாளே செயின் கழண்டு போச்சு சார்" என்றாள் பிந்து. "ரோட்டோரமா நின்னு மாட்டிட்டிருந்தாங்க. ஏழு கோணத்துல பாத்த சைக்கிளாச்சே, நின்னோம். அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அன்னிக்கே தனியா ஒரு க்ரூப் ஆரம்பிச்சுட்டோம். முப்பத்தொம்பது பேரும் அக்காவும்."

"நாப்பதாவது ஆள்?"

"நீங்கதான் சார்."

"என்னை விட்டுட்டு ஒரு க்ரூப்பா! கிரிஜா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா மாவு யார் ஆட்டியிருப்பா?" என்றாள் கிரிஜா. "மூஞ்சிய அப்படி வெச்சுக்க நக்கோ, வேணாம். உங்களுக்கும் ஒரு வேலை வெச்சிருக்கேன். பின்னாடி ஆட்டோ வருது பாருங்க. வாழைப்பழம், தண்ணி, காத்தடிக்கிற பம்பு, நீங்க செஞ்ச இட்லி எல்லாத்தையும் ஏத்திட்டு அதுல வாங்க. கால் வலிக்குதுன்னு வேற சொல்றீங்க."

கேப்டன் முன்னால் போனாள். இருபது பேர் பின்னால் போனார்கள். எல்லோருக்கும் பின்னால், மடியில் இட்லிப் பாத்திரத்தோடு, அல்வால் எக்ஸ்பிரஸ் ஆட்டோவில் போனார். உப்பலில் எல்லோரும் இட்லியைப் புகழ்ந்தார்கள். யாரோ செய்முறை கேட்டார்கள். அவரும் சொல்லித் தொலைத்தார்.

வீடு திரும்பி, கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனைப் பார்த்தார். பழக்கதோஷம், ஆட்டோவில் ஏறும்போது ஆப்பைப் போட்டிருக்கிறார். முப்பத்தைந்து கிலோமீட்டர் காட்டியது. கை சும்மா இருக்கவில்லை. பழைய குழுவில் போட்டுவிட்டார்.

அன்று காலைதான் அதிலும் கிரிஜாவைச் சேர்த்திருந்தார்கள்; ஒரு நிமிடத்தில் அவள் பதில் வந்தது. "ஆப் போட்டு நீங்களே நேர்ல போன முதல் நெடுந்தூரம் இது. வாழ்த்துகள். இட்லித் தட்டு சிங்க்ல ஊறுது."

முப்பத்தொன்பது கட்டைவிரல்கள் எழும்பின.