லிஸ்பன் பத்திரிகையிலிருந்து வந்த அந்தோணியார்

மலாயாவின் சுங்கை சிப்புட்டில் இன்று என் லாரி ஓடாத ரோடு கிடையாது. பள்ளிக்கூடத்துக்குள் நான் உட்கார்ந்ததைவிட அதன் கூரைமேல் ஏறி அத்தாப்பு ஓலை வேய்ந்ததுதான் அதிகம். இப்பேர்ப்பட்ட நானும் ஒரு காலத்தில் வடிகட்டின முட்டாளாக இருந்தேன் என்றால் பேரப்பிள்ளைகள் நம்பமாட்டார்கள் என்று எழுத ஆசைதான். உடனே நம்புகிறார்கள்.

1920களின் நடுவில் நடந்தது. எங்கள் தோட்டத்து சூசை கங்காணியின் மகள் அருளாயியைப் பெண் கேட்டுப் போனேன். தோட்டத்துக் கோயிலில் அந்தோணியார் படம் இல்லை, திருநாளுக்குள் நீ கொண்டுவந்து மாட்டினால் பெண் உனக்கு என்றார், மீசையைத் தடவிக்கொண்டே. (தானே வாங்கினால் கை சுளுக்கிக்கொள்ளும்.)

நேரே ஈப்போ போனேன். ரயில் நிலையத்தில் கணக்கெழுதும் மலாக்காக்காரக் கிராணி ஒருவன், போர்த்துக்கீசிய வம்சம் என்று பீற்றிக்கொள்கிறவன். லிஸ்பனில் வாராவாரம் வெளியாகும் செய்திப் பத்திரிகையைக் கப்பலில் வரவழைத்து மேசைமேல் அடுக்கி வைத்திருப்பான். வீட்டில் ஏதோ அந்தப் பாஷை பேசுவானே தவிர, படிக்க எழுத்து ஓடாது. என்னைவிடப் பெரிய வேஷக்காரன்!

அந்தோணியார் பிறந்த ஊர்ப் பத்திரிகை ஆயிற்றே என்று புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் இருந்தார். நீண்ட அங்கி, உச்சி மழித்த தலை, கையில் குழந்தை, கீழே இரண்டு வரி எழுத்து. ஓரத்தில் ஒரு தகர டப்பா. உண்டியல் என்று நானே முடிவு கட்டினேன். கிராணிக்கு ஒரு சேவலைக் கொடுத்துப் பக்கத்தை வாங்கி, சீனர் கடையில் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய் மாட்டினேன்.

சும்மா இருந்திருக்கலாம். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கோயிலில் ஜெபம் சொல்லிவைக்கும் உபதேசியார் கேட்டார். "புனிதர் தன் தாய்மொழியில சொன்ன ஜெபம்லா" என்று அடித்துவிட்டேன். அவர் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவர். கூட்டிக் கூட்டிப் படித்தார். திருநாளுக்கு முந்தின ஒன்பது நாள் நவநாள் முழுக்க, மாலையானால் தோட்டமே மண்டியிட்டு அதைத் திருப்பிச் சொன்னது. எல்லாருக்கும் மேலே கேட்டது கங்காணியின் குரல். கண்ணீர் வழிந்து மீசை நனைந்துவிடும்.

திருநாளன்று பூசை வைக்க மலாக்காவிலிருந்து சாமியார் வந்தார். அசல் போர்த்துக்கீசியர். அவர் மனம் குளிரட்டும் என்று கங்காணி ஜெபத்தை ஆரம்பித்துவைக்க, மொத்தக் கூட்டமும் முழங்கியது. சாமியார் திகைத்தார். படத்தருகே போய் மூக்குக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். தோள் குலுங்கியது. பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்:

"இது குழந்தை மாவு விளம்பரம். மூணு கரண்டி. காலை, மாலை. பால்ல கலக்கு."

பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார்.

கங்காணி என்னைக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துப்போனார். "பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, போடா."

பின்னாலேயே வந்த அருளாயி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இவர வெரட்டுனா ஏன்னு பக்கத்துத் தோட்டமெல்லாம் கேக்கும்பா. மாவு டப்பாவப் பாத்து அழுதது யாருன்னும் சொல்லணும்லா."

மீசை தொங்கிப்போனது. அடுத்த மாதமே கல்யாணம். (என் அழகில் மயங்கிக் கொடுத்தார்கள் என்றுதான் வெளியில் சொல்லிக்கொள்வேன்.)

இப்போது டாக்டர் எனக்குச் சத்துமாவு குடிக்கச் சொல்லியிருக்கிறார். அருளாயிதான் கரைக்கிறாள். ஒவ்வொரு கரண்டியாக, சத்தமாக எண்ணிப் போடுகிறாள். மூன்றாவது கரண்டி விழுந்ததும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வீடே எழுந்து நின்று "ஆமென்" சொல்கிறது.