மீசையும் பெருக்கியும்

அன்று காலை லேப்காரர் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். மனைவிக்குத் தெரியாமல் ஒரு பொருள் வாங்கிவிடுவது! கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இந்த முடிவுக்கு அவர் வருவது ஒன்பதாவது தடவை. முந்தைய எட்டிலும் முடிவு அவருடையது, முடிவின் முடிவு மனைவியுடையது.

கல்லூரியின் மின்னணு ஆய்வகம் அவர் பொறுப்பில் இருந்ததால்தான் ஊருக்கே அவர் லேப்காரர். அவருடைய மாணவர்கள் இதயத் துடிப்பைத் திரையில் கோடாக வரையும் கருவி ஒன்று செய்திருந்தார்கள். பத்து நாளில் கண்காட்சி. கோடு என்னவோ வந்தது. வந்தது இதயத் துடிப்பல்ல, சுவருக்குள் ஓடும் கரண்டின் இரைச்சல். மார்பில் ஒட்டிய இரண்டு வயரிலும் அந்த இரைச்சல் ஒரே அளவில் ஏறிக்கொண்டது. இதயம் சொல்வதோ இரண்டுக்கும் நடுவே இருக்கும் துளி வித்தியாசத்தில். பொதுவாக இருப்பதைத் தள்ளிவிட்டு வித்தியாசத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்ட ஒரு பெட்டி உண்டு. டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபயர். புதிதின் விலையைக் கேட்டால் துடிக்கிற இதயமும் நின்றுவிடும். கல்லூரி நிர்வாகம், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

சந்தைத் தெருவில் பழைய கருவிக் கடையில் ஒன்று, ஒரு குமிழைத் தொலைத்துவிட்டு, தூசி தின்றுகொண்டு கிடந்தது. கால் மாதச் சம்பளம். வாங்கிவிடலாம்.

குறுக்கே நின்றது மீசை.

போன வருஷம் கைக்காசைப் போட்டு ஆய்வகத்துக்கு ஓர் அலைக்காட்டி வாங்கினார். முதல் நாளே அது புகைக்காட்டி ஆனது. அந்த வேகத்தில் மனைவி முன்னால் சபதம் போட்டார்: "இனிமே என் காசுல கல்லூரிக்கு ஒரு திருகாணி வாங்கினாலும் இந்த மீசையை எடுத்துடறேன்!" அவர் முகத்தில் கம்பீரமாக இருந்ததே அது ஒன்றுதான்.

மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கும் மேசையில் இருப்பவள். நாள் முழுக்கப் பொய் கேட்டுப் பழகிய காது. அந்தக் காதை ஏமாற்ற லேப்காரர் தூய தமிழில் இறங்கினார். கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"ஐயா, அந்த வேறுபாட்டுப் பெருக்கி இருக்கிறதா?"

"எது சார்?"

"பெருக்கி ஐயா, பெருக்கி!"

சமையலறையிலிருந்து ஒரு தலை நீண்டது. "என்னங்க பெருக்கி?"

போனை வைத்தார். "அதும்மா... பெருக்கறது."

"எதை?"

"வீட்டை."

"யாரு?"

நாக்கு அவரைக் கேட்காமலே பதில் சொன்னது. "நான்."

மனைவி ஒரு நொடி பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து, செங்கோல் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தாள். "நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாதுங்க."

காலையில் பெருக்கினார். சாயங்காலம் கடைக்கு ஓடினார். மீசையைத் தடவி யோசித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். இரண்டாம் நாள் விலை கால் சம்பளத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு ஏறியிருந்தது. மூன்றாம் நாள் அரைச் சம்பளம்.

"என்னங்க அநியாயம்! நேத்து ஒண்ணு சொன்னீங்க?"

"நேத்து நீங்க மட்டும் கேட்டீங்க. இன்னிக்கு வேற ஒருத்தரும் கேட்டிருக்காங்க."

நான்காம் நாள் அலமாரியில் பெட்டி இருந்த இடத்தில் சதுரமாகத் தூசியில்லாத தடம் மட்டும் இருந்தது. விற்றுவிட்டதாம்.

பெட்டிதான் போயிற்று, பொய் போகவில்லையே. துடைப்பத்தைக் கீழே வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பெருக்கிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"ஏங்க?"

"உங்களைப் பார்த்துட்டு என் வீட்டுக்காரி எனக்கும் ஒரு துடைப்பம் வாங்கிட்டா. நீளம் சரியா இருக்கான்னு என் தோள்ல வச்சு அளந்து வேற பார்த்தா!"

எட்டாம் நாள் லேப்காரருக்குத் தாங்கவில்லை. அன்றைக்கும் மாணவர்கள் திரையைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"மீசையை எடுத்துடும்மா. நான் சொன்னது பொய். ஆம்ப்ளிஃபயர் வாங்கத்தான் பார்த்தேன். பசங்க ஆறு மாசம் உழைச்சிருக்காங்க. அதுவும் கிடைக்கலை."

மனைவி கத்தரிக்கோலை வாங்கி அலமாரியில் வைத்தாள். "கட்டிலுக்கு அடியில பெருக்குங்க."

"நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன், நீ என்ன..."

"பெருக்குங்கன்னா பெருக்குங்க."

குனிந்து துடைப்பத்தை உள்ளே விட்டார். டங்! இழுத்தார். அதே பெட்டி. காணாமல் போயிருந்த குமிழுக்குப் பதிலாகப் பற்பசை மூடி ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"மூணாம் நாள் ராத்திரியே வாங்கிட்டேன். ஒழுங்காப் பெருக்கியிருந்தா மறுநாளே கிடைச்சிருக்கும்."

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"பதினோரு வருஷமா ஆம்ப்ளிஃபயர், ஆம்ப்ளிஃபயர்னு உயிரை எடுத்த வாய் திடீர்னு பெருக்கின்னு சொல்லுது. நீங்க தினம் பேசறதை நான் காதுலயே வாங்கறதில்லீங்க. ஏதாவது வித்தியாசமா வந்தா, அது மட்டும் பெருசாக் கேக்கும்."

 இதே பாடத்தை லேப்காரர் இத்தனை வருஷமாக மாணவர்களுக்கு நடத்துகிறார். இவ்வளவு தெளிவாக ஒரு நாளும் நடத்தியதில்லை.

"அரைச் சம்பளம் கொடுத்தியா?"

"உங்க ஆசை முகத்துல எழுதி ஒட்டியிருக்கு, கடைக்காரர் ஏத்தினாரு. நான் உங்க போன்ல கடை நம்பரைப் பார்த்துட்டுப் போய், இந்த டப்பா மேல பூந்தொட்டி வைக்கலாமான்னு கேட்டேன். உங்ககிட்ட முதல்ல சொன்ன விலையில பாதிக்குத் தந்துட்டாரு. வாங்கினது என் காசு. உங்க மீசை தப்பிச்சுது."

மறுநாள் ஆய்வகத் திரையில் கோடு குதித்தது. மாணவர்கள் அதைவிட உயரமாகக் குதித்தார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த லேப்காரர் நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டார். மனைவி துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"அதான் பெருக்கி வந்தாச்சேம்மா! இன்னும் எதுக்கு?"

"அது கல்லூரிக்குப் பெருக்கிங்க. வீட்டுக்கு நீங்கதான்."