விளம்பரத்துக்கு மசியாத லெஸ்லி

ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில் கரும்பு ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற லெஸ்லி ஒரு திங்கட்கிழமை சபதம் போட்டார். விளம்பரத்தில் வரும் எந்தச் சாமானும் இனி வீட்டு வாசற்படி ஏறாது.

மனைவி பெரிலுக்குப் பகீரென்றது. முப்பத்தோரு வருஷமாகப் பாத்திரம் தேய்த்தவள். பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றுக்காக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

“பேப்பர்ல தள்ளுபடி போட்டிருக்கான், லெஸ்.”

“தள்ளுபடின்னா என்ன? நம்மளக் குழியில தள்ளுற படி.”

“ஊரே வாங்குது.”

“ஊரு மயங்கும். என்னை எந்த விளம்பரமும் அசைக்க முடியாது.”

“வாஸ்தவம். சிங்க் பக்கம் உன்னை என்னாலயே அசைக்க முடியல.”

வியாழக்கிழமை, புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கிளப்புக்குப் போனார் லெஸ்லி. அறிவிப்புப் பலகையில் ஓர் அட்டை தொங்கியது: ‘பாத்திரம் கழுவும் மெஷின். விளம்பரம் பார்த்து வாங்குகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். சொந்த புத்தி உள்ள ஒருவர் மட்டும் நொரீனைப் பார்க்கவும்.’

லெஸ்லி சுற்றுமுற்றும் பார்த்தார். கிளப்பில் சொந்த புத்தி உள்ளவர் தன்னைத் தவிர யாருமில்லை. இருந்தாலும் எதற்கு வம்பென்று அட்டையைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நேரே நொரீன் வீட்டுக்குப் போனார். பெரிலோடு சீட்டாடும் நொரீன் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“விளம்பரம் பாத்துட்டு வந்தியா?”

“சேச்சே. சும்மா இந்தப் பக்கமா வந்தேன்.”

“அப்ப சரி. காலைலேருந்து எட்டு பேரைத் துரத்திட்டேன். உன் மூஞ்சியப் பாத்தா யோசிக்கிற ஆளாத் தெரியுது.”

இப்படி ஒரு வார்த்தையை அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. உச்சி குளிர்ந்துபோய், கேட்டதற்கு மேலேயே ஐம்பது டாலர் கொடுத்தார்.

மெஷினை வேனில் ஏற்றிவந்து சமையலறையில் இறக்கியதும் பெரில் முகத்தைச் சுளித்தாள்.

“இதெல்லாம் எதுக்கு? கையாலேயே கழுவிட்டுப் போறேன்.”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி மிச்சம், இடுப்புவலி மிச்சம். சீக்கிரமே நீ எனக்கு நன்றி சொல்லுவ.”

“நீ இவ்வளவு சொல்றியேன்னு பாக்கறேன்,” என்று பெரில் பெருமூச்சு விட்டாள்.

வெற்றிக் களிப்போடு லெஸ்லி சிங்குக்கு அடியில் தலையை நுழைத்தார். அங்கே புத்தம்புதுக் குழாய், மெஷினின் அளவுக்கு ஒரு காலி இடம், பக்கத்திலேயே புது பிளக்.

“பெரில், இதெல்லாம் எப்ப வந்துச்சு?”

“செவ்வாய்க்கிழமை. பிளம்பர் வேலை பாத்துட்டிருந்தப்பதான் நான் உக்காந்து அந்த அட்டைய எழுதினேன்.”