சுண்ணாம்பு சார் துடைத்த மூன்றாம் புள்ளி

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலேயே சுண்ணாம்பு சாரைப் போல ஒரு கோபக்காரர் இருந்ததில்லை. மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் அதையும் நிற்கவைத்துத் திட்டுவார். எழுபதுகளில் கல்லூரியில் எங்களுக்கு உயிரியல் எடுத்த அவர்மேல் எனக்கு இருக்கும் கோபம் அதைவிடப் பெரியது, இன்னும் ஆறவில்லை.

பாடத்தில் இல்லாததை நடத்துவதுதான் அவருக்குப் பிடித்த வேலை. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்த சமாசாரம் ஒன்று. எல்லாச் செல்லிலும் எல்லா ஜீனும் இருக்கிறது, எதைப் படிப்பது, எதை விடுவது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? ஜீனோடு ஒட்டியிருக்கும் புரதங்களின்மேல் பாஸ்பேட் புள்ளி புள்ளியாக உட்காருகிறது. எந்த இடத்தில் எத்தனை என்று பார்த்து வேறொரு புரதம் வந்து ஜீனைத் திறக்கிறது என்பார். எங்களுக்கு ஒரு எழவும் புரியவில்லை. "மண்ணாங்கட்டிகளா, வெளிய வாங்கடா" என்று சுண்ணாம்புக் கிண்ணத்தோடு பக்கத்து ஊரான நல்லேப்பிள்ளியின் தென்னந்தோப்புக்கு இழுத்துப் போனார். சுண்ணாம்பு சார் என்ற பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

அங்கே, கள் இறக்க விடும் தென்னைக்குத் தோப்புக்காரர் சுண்ணாம்பால் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு புள்ளி வைப்பார். கீழே மூன்றாவது இருந்தால் ஏறக் கூடாது. சார் புள்ளியே இல்லாத மரங்களில் இரண்டிரண்டாக வைத்துக்கொண்டே போனார்.

"மரந்தான் ஜீன். புள்ளிதான் பாஸ்பேட். ஏறுறவன் புரதம். ரெண்டுன்னா ஏறுவான். மூணாவதும் அதே சுண்ணாம்புதான், ஆனா அமைப்பு மாறிப்போச்சு, ஏற மாட்டான். தொடைக்கறதுக்கும் செல்லுல தனியா ஒரு ஆளு இருக்கறான்" என்று ஈரத்துணியைத் தூக்கிக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் எவனோ கொட்டாவி விட்டான். சார் துணியை அவன் மூஞ்சியில் எறிந்துவிட்டு, கல்லூரி வரை திட்டிக்கொண்டே நடந்தார். துடைக்க வேண்டிய ஆள் கோபித்துக்கொண்டு போய்விட்டதால் புள்ளிகள் மரத்திலேயே இருந்தன.

சில நாளில் தோப்புக்காரர், கள் இறக்கும் மாரப்பனையும் கூட்டிக்கொண்டு பிரின்சிபால் அறைக்கே வந்துவிட்டார். சாரையும் அங்கே கூப்பிட்டார்கள், நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம். தேங்காய்க்கென்று விட்டிருந்த மரங்களில் எல்லாம் கள்ளுக்குப் பாளை சீவியாகிவிட்டது.

"ஏனுங்க வாத்தியாரே, என்ற மரத்துல புள்ளி வெக்க நீங்க ஆருங்க?"

மாரப்பன் தலையைச் சொறிந்தார். "நான் புள்ளியப் பாத்தனுங்க, ஏறுனனுங்க. ஆரு வெச்சாங்கன்னு மரமா சொல்லும்?"

சார் பாய்ந்துபோய் மாரப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதத்தானே வருசம் பூரா கத்திட்டிருக்கறேன். புரதம் ஆளப் பாக்காது, அமைப்பத்தான் பாக்கும்."

"மன்னிப்புன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க சார்" என்றார் பிரின்சிபால். "இல்லேன்னா ஸ்தலமாற்றந்தான். என்னால தடுக்க முடியாது."

"ஒரு வார்த்த போதுமுங்க" என்று தோப்புக்காரரும் இறங்கி வந்தார்.

"நான் சொன்னது தப்பாப் போயிருந்தாக் கேட்டிருப்பனுங்க. சொன்னபடியே அத்தனையும் நடந்திருக்குதே, எதுக்கு மன்னிப்பு?"

இதற்குத்தான் எனக்கு ஆத்திரம். எங்களைத் திட்ட ஆயிரம் வார்த்தை வைத்திருந்த மனுஷன், எங்களுக்காக அந்த ஒன்றைச் சொல்லியிருக்கக் கூடாதா? எங்கோ தொலைவில் ஒரு மலைக் கல்லூரிக்கு அவரைத் தூக்கியடித்தார்கள். பதிலுக்கு வந்தவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். எங்களை ஒரு நாள்கூடத் திட்டவில்லை.

சார் கிளம்பிய காலையில் நாங்கள் முந்திக்கொண்டு போய், பாலக்காட்டு பஸ்ஸின் படிக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் மூன்று புள்ளி வைத்தோம். பெட்டியோடு வந்து படியில் கால் வைக்கப் போனவர் அதைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். கண்டக்டர் விசில் கொடுத்தும் நகரவில்லை.

"பாடம் ஏறியிருக்குதுடா" என்றார்.

பிறகு மூன்றாவது புள்ளியை மட்டும் கட்டைவிரலால் துடைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அதைத் துடைத்ததற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.