கரையை விட்டுப் போன மாணவர் சங்கம்

பொறியியல் படிக்கும் நாலு பேர் ஒன்றுசேர்ந்தால் வேலை நடக்கிறதோ இல்லையோ, ஒரு சங்கம் உருவாகிவிடும். எழுபதுகளில் திருகோணமலையில் நாங்கள் படித்த தொழில்நுட்பக் கல்லூரியிலும் அப்படித்தான். தலைவர், உபதலைவர், பொருளாளர், அமைப்பாளர்கள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அதனால் செயலாளர். (எழுத்து வடிவாக இருக்குமாம்!)

தொடக்க விழாவை மண்டபத்தில் வைத்தால் நாங்கள் என்ன பொறியியலாளர்? கடலில் மிதக்கும் மேடை கட்டுவோம் என்று சொன்னது நான்தான். தார்ப் பீப்பாய்களும் பலகைகளும் தேடிப் பிடித்தோம். எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் பார்த்து, படம் கீறி, என்னைப்போல் கெட்டிக்காரி இல்லை என்று திரிந்தேன்.

என் படிப்பு தொடருமா என்பதும் அந்த மேடையில்தான் நின்றது. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த அப்பாவுக்கு நான் ஆசிரியையாக வேண்டும். விழாவைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார். அவரை மகிழ்விக்க நினைத்து மேடையிலேயே ஒரு கதிரை போட்டுக் கொடுத்தேன். (அப்பாவுக்கு நீந்தத் தெரியாது.)

பிரதம விருந்தினர், ஓய்வுபெற்ற துறைமுகப் பொறியியலாளர் ஒருவர். தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, உறுதியான அத்திவாரத்தின் அவசியம் பற்றி வாசிக்கத் தொடங்கினார். நான் பெருமையோடு கரையைப் பார்த்தேன். சபையோரின் முகங்கள் சிறுத்துக்கொண்டே போயின.

"கயிறு கட்டினனீங்களோ?" என்று தலைவரின் காதுக்குள் கேட்டேன்.

"அது உபதலைவரின்ர வேலையெல்லோ!"

"நான் அமைப்பாளரிட்டச் சொன்னனான்" என்றார் உபதலைவர்.

கரையில் நின்ற அமைப்பாளர்கள் உற்சாகமாகக் கையசைத்தார்கள். எல்லோருக்கும் பதவி கொடுத்திருந்தோம். கயிறு கட்டத்தான் ஆள் இல்லை.

பேச்சை முடித்து நிமிர்ந்த விருந்தினர், "சனம் எங்க?" என்று கேட்டார்.

அதற்குள் கடற்படையின் தடைசெய்யப்பட்ட பகுதியை நெருங்கிவிட்டோம். காவலாளி விசில் ஊதி, யார் நீங்கள் என்று சிங்களத்தில் கத்தினார். எங்கள் தலைவர் எழுந்து நின்று சங்கத்தின் முழுப்பெயரையும் சொன்னார்.

அப்பா கதிரையின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"மகள், இது தாழுமோ?"

"தாழாது அப்பா. கணக்குப் பார்த்தனான்."

"வடிவாப் பார்த்தனியோ?"

"ஓம்."

ஆனாலும் அவர் கைப்பிடிகளை விடவில்லை. எனக்கு அழுகை வந்தது.

நல்லவேளை, மூதூரிலிருந்து மீனோடு வந்த வள்ளக்காரர் ஒருவர் எங்களைக் கண்டார். "கதிரையெல்லாம் போட்டு எங்க தம்பி போறீங்க?" என்று கேட்டபடியே கயிறு எறிந்து, இழுத்துக் கரை சேர்த்தார்.

வீடு வரும்வரை அப்பா எனக்கு முன்னே விறுவிறுவென்று நடந்தார். என் படிப்பு அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"கூட்டம் எப்பிடி?" என்று குசினிக்குள்ளிருந்து அம்மா கேட்டா.

"எல்லாரும் ஏறி நிண்டும் பிள்ளை கட்டினது தாழேல்லை" என்றார் அப்பா. "அவள் படிக்கட்டும்."

படித்து முடித்து வேலைக்கும் போனேன். என் கலியாணப் பேச்சுக்கு வந்த சம்பந்தி, தன் மலாயாக் கப்பல் பயணத்தை நீட்டி முழக்கிவிட்டு, "நீங்கள் கப்பலேறினனீங்களோ?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"ஒருக்கா. மகள் கட்டின கப்பலில. முதலாம் வகுப்புக் கதிரை."

அப்பா காலமான பிறகு அந்தக் கதையை என் தம்பிதான் சொல்கிறான். அன்று அவன் மேடையில் இருக்கவே இல்லை. ஆனாலும் அவன் சொல்லச் சொல்ல மேடை இன்னும் தூரம் போய், எங்களுக்குப் பர்மாக் கரையே தெரிந்துவிடுகிறது.