ஐந்தருவிச் சாலையில் ஒரு ஜப்தி

குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையில் வீடு வைத்திருப்பவருக்கு, ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் உறவினர் பெருகுவது இயற்கை. சிவசைலத்துக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. அப்பா கட்டிய வீட்டை அடமானம் வைத்து, சீசன் வாடகைக்கென்று மாடியில் அறைகள் கட்டினார். மச்சினன் காமராஜ் கீழப்பாவூரிலிருந்து வேன் பிடித்து வந்து எல்லா அறைகளையும் நிரப்பினான். மச்சினனிடம் வாடகை கேட்க முடியுமா? அருவியில் குளித்தால் பசி வேறு எடுக்கும். வங்கித் தவணை வருடந்தோறும் கோழியாகவும் பரோட்டாவாகவும் மாறியது.

ஒரு ஆடி மாதம், வங்கி அதிகாரி விஜயசங்கர் ஜப்தி நோட்டீசோடு வந்தார். சுவரில் காயப்போட்டிருந்த ஈரத்துண்டுகளை ஒதுக்கிவிட்டுப் பசை தடவினார்.

"வீட்டைக் காலி பண்ணுங்க."

"மாடியில இருக்கவுகள்ட்ட சொல்லிப் பாருங்க சார். என்னால முடியல."

காமராஜ் எண்ணெய்த் தலையோடு இறங்கி வந்து நோட்டீசைப் படித்தான். "கடனா அத்தான்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?" என்று வருந்தியவன், அத்தான் வாய் திறப்பதற்குள் வேனில் ஏறிவிட்டான்.

சிவசைலமும் மனைவியும் பெட்டியோடு தெருவில் நின்றார்கள். ஆனால் ஜப்தி செய்த சொத்துக்குக் காவல் வேண்டும் என்பது விதி. வங்கி அனுப்பிய காவலர் குரங்குகளுக்குப் பயந்து அன்றே ஓடிவிட்டார். ஆகவே, நிர்வாக நலன் கருதி, சிவசைலமே சம்பளத்துக்குக் காவலராக நியமிக்கப்பட்டார். பணி இடத்திலேயே மனைவியோடு தங்கவேண்டும் என்றும் உத்தரவு.

ஏலம் விடுமுன் மேலதிகாரி சொத்தை நேரில் ஆய்வு செய்யவேண்டும். மண்டல அதிகாரி தம் மனைவி, மக்கள், மாமியார் சகிதம் ஆய்வுக்கு வந்தார்.

"சொத்து எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார் சிவசைலம்.

"இன்னும் தெளிவாத் தெரியல. மெயின் அருவியில தண்ணி அதிகம், குளிக்க விடல. நாளைக்குத்தான் சொல்ல முடியும்."

அவரைத் தொடர்ந்து சட்டப் பிரிவு வந்தது. தணிக்கைப் பிரிவு கைக்குழந்தையோடு வந்தது. வங்கிச் செலவில் வெள்ளையடித்தார்கள், வெந்நீர் ஹீட்டர் மாட்டினார்கள், மளிகையும் வந்தது. அருவி வற்றியதும் ஆய்வும் நின்றது. சீசன் இல்லாதபோது சொத்தின் உண்மையான மதிப்பு தெரியாது என்று கோப்பில் எழுதி, ஏலத்தைத் தள்ளிவைத்தார்கள்.

அடுத்த ஆனியில் காமராஜ் போன் செய்தான். "அத்தான், சாரல் விழுதாமே?"

"விழுது மாப்ளே. நீ பேங்க்ல எந்தக் கிளையில வேலை பாக்க?"

"என்ன அத்தான், தெரியாத மாதிரி கேக்கிய?"

"மண்டல ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. ரூல்ஸ்லா?"

வாழ்நாளில் முதல்முறையாகச் சிவசைலம் நிம்மதியாகத் தூங்கினார்.

அதைத் தலைமை அலுவலகம் கெடுத்தது. ஆய்வுச் செலவு கடனைத் தாண்டிவிட்டதாம். கடனைத் தள்ளுபடி செய்து வீட்டைத் திருப்பித் தரும்படி உத்தரவு. ஆடிச் சாரலில் விஜயசங்கரே சாவியோடு வந்தார்.

"வாழ்த்துகள். இனி இது உங்க வீடு. வங்கிக்குச் சம்பந்தமில்ல."

தெருமுனையில் வேன் திரும்பியது. "அத்தான், வீடு திரும்பக் கிடைச்சிட்டாம்லா!" என்று ஜன்னல் வழியே காமராஜ் கத்தினான். "கேட்டதுலேருந்து எனக்கு இருப்பே கொள்ளல!"

சிவசைலம் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், வாங்குன உடனே ஜப்தி ஆகுத மாதிரி ஒரு லோன் இருக்கா?"

"கொடுக்கலாம். ஆனா அதுக்கும் சொத்தை ஆய்வு செய்யணும்" என்ற விஜயசங்கர், காரின் பின்கதவைத் திறந்து துண்டை எடுத்தார்.