மூச்சு விடாத சங்கீதம்

ஒரு வாத்தியத்துக்கு எழுதிய சங்கீதத்தை இன்னொரு வாத்தியத்துக்கு மாற்றி எழுதாவிட்டால் சோறு இறங்காத மனித இனம் ஒன்று உண்டு. பார்த்ததில்லை என்கிறீர்களா? அப்படியானால் கீழ்வேளூர் ஜெக்கரியா மாஸ்டரிடம் நீங்கள் அகப்பட்டதில்லை.

லுத்தரன் கோவிலில் ஆர்கன் வாசித்தவர் அவர். துருத்திக் காற்றில் பாடும் குழாய்க் கூட்டம் அது. ஒரு மழைக்காலத்தில் துருத்தியின் தோலை எலிகள் தின்றுவிட்டன. வேறொருவராக இருந்தால் அழுதுவிட்டு ஆர்மோனியத்துக்கு மாறியிருப்பார். மாஸ்டரோ, கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் சவ ஊர்வலத்துக்கும் ஊதிப் பிழைத்த உள்ளூர் பேண்டு செட்டைப் பிடித்துக்கொண்டு, போன நூற்றாண்டு ஜெர்மானியர்கள் ஆர்கனுக்கென்று உருகி உருகி எழுதியதையெல்லாம் கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் பங்கு பிரிக்க ஆரம்பித்தார். அதோடு மனிதர்களை மனிதர்களாகப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். கிளாரினெட் மருதையன் அவருக்கு ஆர்கனின் எட்டடிக் குழாய். தடித்த குரலில் ஊதும் யூபோனியம் ஆரோக்கியம் பதினாறடிக் குழாய். மனைவி அமலி சாப்பிடக் கூப்பிட்டால், "சுருதி கொஞ்சம் இறங்குது" என்பார்.

ஆட்சி மாறிய புதிது. கட்சிக் கூட்டத்தில் பேச்சாளர் மேடையேறும்போது மாஸ்டர் ஒரு ஜெர்மன் உருப்படியின் முகப்பை ஊத வைத்தார். பீடிகள் அணைந்தன. பேச்சாளரே பதறிப்போய், "யாருங்க தவறிட்டாங்க?" என்றார். மாஸ்டர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அந்த அறுவடையில் கூலித் தகராறு வந்தது. மருதையன் பகலில் அறுப்பு ஆள், விவசாயச் சங்கத்துக்காரன்.

"ஊர்வலத்துக்கு ஒண்ணு குடுங்க மாஸ்டர். எதிர்ல பஞ்சநாதன் பண்ணை ஆளுங்க தடியோட நிப்பாங்க. சனங்களுக்குத் தெம்பு வரணும்."

"தெம்புதானே? தர்றேன்."

தந்தார். ஜெர்மன் உருப்படி ஒன்றில், ஒரே அடிச் சுரம் முடிவில்லாமல் நீள, மற்றதெல்லாம் அதன் மேல் ஏறி ஏறிப் போகிற இடம். ஆர்கனில் அந்தக் கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு பேப்பர்கூடப் படிக்கலாம். ஆரோக்கியத்துக்கு இருந்தது நெஞ்சு மட்டுமே.

"மூச்சு விட இடமே இல்லீங்களே?"

"எழுதினவர் விடலை. நீ யாரு விடறதுக்கு?"

வாய்க்கால் மதகில் ஊர்வலம் நின்றது. இந்தப் பக்கம் செங்கொடி, அந்தப் பக்கம் தடிகள், நடுவில் வியர்த்துக்கொண்டு நாலு போலீஸ்காரர்கள். ஆரோக்கியம் அடிச் சுரத்தைப் பிடித்தான். முகம் சிவந்தது, கறுத்தது. பித்தளை யூபோனியத்தோடு தலைகுப்புற வாய்க்காலில் விழுந்தான்.

முதலில் குதித்தவன் பண்ணை ஆள். தடியை வீசிவிட்டுத்தான் குதித்தான். பின்னாலேயே சங்கத்து ஆட்களும் குதித்தார்கள். மண்டையை உடைக்க வந்த கைகள் ஒரே சட்டையைப் பிடித்து இழுத்தன. இடுப்புவரை சேறோடு கரையேறிய பிறகு யாரை யார் அடிப்பது? இரண்டு பக்கமும் முனகிக்கொண்டே கலைந்தது. மதகின் மேல் மட்டும் ஒரு குரல்:

"அடிச் சுரம் எங்கே? அடிச் சுரத்தைக் காணோமே!"

மறுநாள் ஒத்திகை. மாஸ்டர் கையை வீசினார். எல்லோரும் வாத்தியத்தை உதட்டில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஊதவில்லை.

"நெல்லுக்குப் பண்ணைகிட்ட மன்றாடறோம்," என்றான் மருதையன். "மூச்சுக்கு உங்ககிட்டயும் மன்றாடணுமா?"

மாஸ்டர் யூபோனியம் பக்கம் திரும்பினார். ஆரோக்கியம் இருமிக்கொண்டிருந்தான். அவனுக்கு நெற்றியில் அத்தனை பெரிய பழைய தழும்பு இருப்பதை அன்றுதான் பார்த்தார். எப்படி வந்தது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. பென்சிலை எடுத்து அடிச் சுரத்தைப் பாதியாக வெட்டினார். ஆரோக்கியம் விடும் இடத்தில் டிராம்போன் செல்லத்துரை பிடிக்க வேண்டும்.

"நானும் இப்படித்தான் நினைச்சு வச்சிருந்தேன்," என்றார். மாற்றி எழுதும் அந்த இனத்தின் குணம் எங்கே போகும்?

மாதக்கணக்கில் போராடி, பல ஊர்கள் அடிபட்ட பிறகு கூலி உயர்ந்தது. தன் உருப்படியால்தான் என்று மாஸ்டர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று நீங்கள் பேசிக்கொண்டே போனபோது எதிரே இருந்தவர் ஏதோ சொல்ல வந்தாரே, அது என்னவென்று கேட்டீர்களா?